எஃப்.ஐ.ஆர். ஓட்டுநர் பேரிலேயே இருந்தால் அவர் இழப்பீடு கேட்க முடியாதா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். என் கணவருக்கு வயது 35. ஒருவரிடம் சம்பளத்துக்கு மினி லோடு வண்டி ஓட்டுகிறார். மாதச் சம்பளம் 15,000, டிரிப் பேட்டா சேர்த்தால் 20,000 வரும். போன 2025 ஆகஸ்டில் ஒருநாள் விடியற்காலை, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகும்போது மணப்பாறைக்குப் பக்கத்தில் பஞ்சராகி நின்ற லாரியின் பின்னால் மோதிவிட்டார். லாரியில் ஒரு விளக்குகூட எரியவில்லை, பின்னால் எச்சரிக்கைக்கு எதுவும் வைக்கவில்லை என்கிறார். இடது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். முட்டி முழுதாக மடங்கவில்லை, கிளட்சை அழுத்த முடியவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே லாரி டிரைவர் புகார் கொடுத்து, என் கணவர் பேரிலேயே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். லாரி கிளீனருக்குச் சின்னக் காயம். கோர்ட்டில் அபராதம் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர், "ஓட்டுனவர் மேலேயே தப்பு, பேட்ஜும் இல்லை, க்ளெய்ம் வராது" என்று சொல்லிவிட்டு ஒரு ஃபாரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். முதலாளி வண்டி ரிப்பேர் செலவைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார். எங்களுக்கு வழி ஏதாவது இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஆனால் அவற்றைச் சொல்வதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அபராதம் கட்ட வேண்டாம். ஒரு வழக்கறிஞர் எல்லாத் தாள்களையும் பார்க்கும்வரை நிச்சயமாக வேண்டாம்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அபராதம் கட்டுவது என்றால், "ஆமாம், நான்தான் அஜாக்கிரதையாக ஓட்டினேன்" என்று குற்றத்தை ஒப்புக்கொள்வது. எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகள் இருக்கும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 337 என்று இருந்தவை இவை. தொகை சின்னதுதான். அலைச்சல் மிச்சம் என்று நினைத்து ஓட்டுநர்கள் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு இழப்பீட்டு வழக்கில் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுத்து ஆவணமாகக் குறியீடு செய்வார். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். ஒப்புக்கொண்டதாலேயே வழக்கு தோற்றுவிடும் என்று சட்டம் சொல்லவில்லை, தீர்ப்பாயம் தானாகவே சாட்சியத்தை எடைபோட வேண்டும். ஆனாலும் அந்த ஒரு தாளைத் தாண்டி வருவதற்குப் படாத பாடு பட வேண்டியிருக்கும். லாரி இருட்டில் நின்றது உண்மையானால், குற்ற வழக்கை நடத்திப் பார்ப்பதே சரி.

எஃப்.ஐ.ஆர். உங்கள் கணவர் பேரில் இருப்பதால் எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அது போலீசுக்கு முதலில் வந்து சேர்ந்த தகவல், அவ்வளவுதான். முதலில் பேச முடிந்தவர் லாரி டிரைவர், அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. உங்கள் கணவர் அப்போது ஆபரேஷன் மேசையில் இருந்தார். அவர் தன் தரப்பை இப்போதும் எழுத்தில் கொடுக்கலாம். அந்தப் போலீஸ் நிலையத்துக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வழக்குப் பதிவாகாவிட்டாலும், அந்தக் கடிதம் பிற்பாடு உதவும்.

சரி, இழப்பீட்டுக்கு வருவோம். "ஓட்டுனவர் மேல் தப்பு என்றால் க்ளெய்ம் வராது" என்று இன்சூரன்ஸ்காரர் சொன்னது ஒரு வழிக்கு மட்டும், அதிலும் ஓரளவுக்கு மட்டும் பொருந்தும். உங்கள் கணவர் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவர், வேலை நேரத்தில் அடிபட்டவர். அப்படிப்பட்டவருக்கு 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே "யார் மேல் தப்பு?" என்ற கேள்வியே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம்பட்டாரா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் மோதியிருந்தாலும் முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். குடித்திருந்தால், பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியிருந்தால் மட்டுமே மறுக்கலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விலக்குகளும் பொருந்தா.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது, அதன் ஏழாம் அத்தியாயம் இதே விஷயத்தைச் சொல்கிறது. உங்கள் கணவருக்கு விபத்து ஆகஸ்டிலேயே நடந்துவிட்டதால் அவருடைய உரிமை பழைய சட்டத்தின்படிதான் கணக்காகும்.

எவ்வளவு வரும்? இந்தச் சட்டத்தில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் மாதம் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 2020 ஜனவரியிலிருந்து இதுதான் உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 9,000. அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அது 197.06. ஆக, வேலை செய்யும் திறன் முழுதும் போயிருந்தால் 17,73,540 ரூபாய். திறன் இழப்பு 40 சதவீதம் என்று முடிவானால் 7,09,416. சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவைத் தனியாகக் கேட்கலாம். வேலைக்குப் போக முடியாமல் சிகிச்சையில் இருக்கும் காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் கால் பங்கு, அதாவது மாதம் 7,500 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அது வந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதையும் மனுவில் கேளுங்கள். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமில்லாமல் இழுத்தடித்தால் அதற்குமேல் 50 சதவீதம் வரை அபராதமும் முதலாளி மேல் விழும்.

இந்தப் பணத்தை முதலாளி தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. வண்டியின் பாலிசியை வாங்கிப் பாருங்கள். பிரீமியம் விவரத்தில், சம்பள ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு என்று 50 ரூபாய் மாதிரி ஒரு சின்னத் தொகை தனி வரியில் இருக்கும். அந்த வரி இருந்தால் அசலும் வட்டியும் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு, முதலாளிக்கு நஷ்டமில்லை. இதை அவரிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். டிரைவர் வழக்குப் போட்டால் தன் வீட்டுக்கு ஜப்தி வந்துவிடும் என்ற பயத்தில்தான் பல முதலாளிகள் முரண்டு பிடிக்கிறார்கள். விஷயம் புரிந்ததும் "இவர் என் டிரைவர்தான்" என்று தாங்களே சாட்சி சொல்ல வந்தவர்களும் உண்டு.

ஒருவேளை அவர் "இவர் என் டிரைவரே இல்லை, அன்றைக்குச் சும்மா வண்டியை எடுத்துப் போனார்" என்று சொல்லிவிட்டால்? இது அடிக்கடி நடக்கிறது, அதனால் இப்போதே ஆதாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் வந்த சம்பளம், பேட்டா, டீசல் பணம். மார்க்கெட்டில் லோடு ஏற்றிய சீட்டு, டிரிப் ஷீட், ஃபாஸ்டேக் கழித்த குறுஞ்செய்தி. "எங்கே வந்துட்டே?" என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி. கணவர் போன் உடைந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வங்கியில் ஆறு மாத ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். நாள் கூலிக்கு ஆக்டிங் டிரைவராகப் போகிறவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வர முடியும். ஆனால் அவர்களிடம்தான் ஆதாரம் மிகக் குறைவாக இருக்கும்.

இந்த மனுவைத் தொழிலாளர் துறையில் ஊழியர் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு உரிய அலுவலகத்திலும் போடலாம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ஊனப் பலனை ஈ.எஸ்.ஐ.யிடம்தான் கேட்க வேண்டும், முதலாளியிடம் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது.

இரண்டாவது வழி, மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின் கீழ், லாரி உரிமையாளரையும் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரர்களாக்கி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் எம்.சி.ஓ.பி. மனு. இங்கே தவறு லாரி தரப்பில் என்று காட்ட வேண்டும். நின்றிருந்த வண்டிமேல் மோதிவிட்டு அதன்மேலேயே எப்படி வழக்குப் போடுவது என்று உங்களுக்குத் தோன்றலாம். மற்றவர்களுக்கு ஆபத்தாகும்படி வண்டியை நடுவழியில் விட்டுவிடுவது அதே சட்டத்தின் 122ஆம் பிரிவின்படி தவறு. விளக்கில்லாமல் சாலையில் நின்ற டேங்கர்மேல் கார் மோதிய ஒரு வழக்கில், உயர் நீதிமன்றம் இருதரப்புக்கும் பாதிப் பாதி தவறு என்று சொன்னதை 2018ல் உச்ச நீதிமன்றம் மாற்றி, முழுத் தவறும் டேங்கர் தரப்பில்தான் என்றது. 2024லும் நெடுஞ்சாலையில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நின்ற ஒரு லாரி விஷயத்தில் அதே பார்வையைத்தான் எடுத்தது. "ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரிந்திருக்க வேண்டுமே" என்ற எதிர்வாதம் எல்லா வழக்கிலும் வரும். அதற்குப் பதில் அந்த இடத்தின் நிலைமையில்தான் இருக்கிறது.

அதனால் இந்த வழியில் தொகையைத் தீர்மானிக்கப் போவது சம்பவ இடத்து ஆவணங்கள். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் வாங்குங்கள். லாரி தார்ச்சாலைக்குள் எத்தனை அடி நின்றது, மண் தரையில் எத்தனை அடி இருந்தது என்று அதில் இருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் லாரியின் பின்விளக்கும் பிரதிபலிப்பு ஸ்டிக்கரும் என்ன நிலையில் இருந்தன என்று பாருங்கள். உங்கள் வண்டியின் எந்தப் பக்கம் நசுங்கியது என்பதும் பேசும். முன்பக்கம் இடது மூலை மட்டும் நசுங்கியிருந்தால், கடைசி நொடியில் பார்த்து வலது பக்கம் ஒடித்திருக்கிறார் என்று வாதாடலாம். முழு முகப்பும் நசுங்கியிருந்தால் அந்த வாதம் எடுபடாது. முதலில் வந்த 108 ஊழியர், பக்கத்து டீக்கடைக்காரர், பின்னால் வந்து போட்டோ எடுத்த வண்டிக்காரர் யாராவது கிடைப்பார்களா என்று விசாரியுங்கள். விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே எடுத்துக்கொள்ளலாம், ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதையும் மறக்காமல் வாங்குங்கள். விபத்து எப்படி நடந்தது என்று முதன்முதலில் டாக்டரிடம் சொன்னது அதில்தான் இருக்கும். மது வாசனை இல்லை என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரி இரண்டு வழியிலும் உங்களுக்குத் துணை.

தீர்ப்பாயத்தில் கணக்கு வேறு மாதிரி. இங்கே 15,000 என்ற வரம்பு இல்லை. பேட்டாவோடு சேர்த்து 20,000 வருமானம் என்று நிரூபித்துவிட்டால், 40 வயதுக்குக் கீழே நிரந்தர வேலை இல்லாதவருக்கு எதிர்கால வருமான உயர்வு என்று 40 சதவீதம் கூட்டுவார்கள். 2017ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பு கொடுத்த விகிதம் இது. மரண வழக்கில் சொன்னது, பிறகு காய வழக்குகளுக்கும் வந்துவிட்டது. ஆக மாதம் 28,000, வருடத்துக்கு 3,36,000. அதே நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின்படி 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16. முழு இழப்பென்றால் 53,76,000. திறன் இழப்பு 40 சதவீதம் என்றால் 21,50,400. இதற்கு மேல் மருத்துவச் செலவு, வலி வேதனை, உடனிருந்து பார்த்தவருக்கான செலவு, சத்துணவு, போக்குவரத்து, வட்டி. ஆனால் உங்கள் கணவர் மேலும் பாதித் தவறு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டால் எல்லாவற்றிலும் பாதி போய்விடும். 21,50,400 என்பது 10,75,200 ஆகிவிடும். முழுத் தவறும் அவருடையது என்று முடிவானால் இந்த வழியில் கையில் எதுவும் வராது.

இரண்டு கணக்கிலும் "திறன் இழப்பு" என்ற சொல் வருவதைக் கவனித்திருப்பீர்கள். இதில்தான் ஓட்டுநர்கள் மிக அதிகமாக இழக்கிறார்கள். மருத்துவக் குழு கொடுக்கும் சான்றிதழில் 30 அல்லது 35 சதவீதம் என்று இருக்கும். அது காலின் ஊனம். வயிற்றுப் பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு கணக்கு. 2010ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்க எடுத்த உதாரணமே ஓட்டுநர்தான். இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால், ஊனச் சான்று 60 சதவீதம் என்றாலும் வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதமாக இருக்கலாம். அதே கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம். ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் இது இன்னும் பழைய கொள்கை. 1975லேயே, இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு நூறு சதவீத இழப்பு என்று ஏற்றுக்கொண்டார்கள்.

உங்கள் கணவர் விஷயத்தில் கிளட்ச் இடது காலில் இருக்கிறது. எனவே எலும்பு டாக்டரிடம் சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, கிளட்சை மிதித்துப் பிடிக்க முடிகிறதா, கேபினில் ஏறி இறங்க முடிகிறதா, லோடு வண்டி ஓட்டத் தகுதி இருக்கிறதா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போக்குவரத்து வண்டி லைசென்சுக்கு மருத்துவர் கையெழுத்திடும் 1ஏ படிவம் ஒன்று உண்டு. அதில் "தகுதியில்லை" என்று ஒரு மருத்துவர் எழுதினால், அதைவிட நேரடியான ஆதாரம் இருக்க முடியாது. அந்த டாக்டர் சாட்சி சொல்ல வரவும் தயாராக இருக்க வேண்டும். எலும்பு கூடும் முன்பே அவசரப்பட்டு மருத்துவக் குழுவிடம் போகவும் வேண்டாம்.

இந்த இரண்டு வழியில் ஏதோ ஒன்றைத்தான் எடுக்க முடியும். மோட்டார் வாகனச் சட்டம் 167ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒன்றில் மனுப் போட்டுத் தொகை வாங்கிவிட்டு மற்றதற்குப் போக முடியாது. எதை எடுப்பது? லாரி இருட்டில், தார்ச்சாலைக்குள் நின்றதற்கு ஒரு நல்ல போட்டோவோ நடுநிலையான ஒரு சாட்சியோ இருந்தால் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். பாதித் தவறு என்று வந்தால்கூட அங்கே கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. அது இல்லை, இருப்பதெல்லாம் கணவரின் வாய்ச்சொல் மட்டும்தான், மகஜரும் எதிராக இருக்கிறது என்றால் ஊழியர் இழப்பீட்டு வழிதான் என் தேர்வு. ஏழு லட்சம் உறுதியாக இருக்கும்போது இருபது லட்சத்தை நம்பி எல்லாவற்றையும் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆவணங்களைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள், அதற்கு முன் எந்த மனுவும் வேண்டாம்.

ஆனால் நாளையும் எண்ணிக்கொண்டே இருங்கள். தீர்ப்பாய மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. உங்களுக்கு அது 2026 பிப்ரவரியில் முடிகிறது. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன, அவை முடியும்வரை தாமதம் என்று சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். போலீசே விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவார்கள், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் கணவரைக் குற்றம் சாட்டப்பட்டவராக வைத்து எழுதிய அறிக்கை அவருக்காகப் பேசாது.

இடையில் லாரியின் இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து யாராவது இரண்டரை லட்சம் தருகிறோம் என்று வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவில், யார் தவறு என்று பாராமலேயே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், மரணத்துக்கு ஐந்து லட்சம் உண்டு. கைக்கு உடனே வரும் பணம் என்பதால் ஆசை வரும். அதைச் சமரசமாக ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவு மனு அதோடு முடிந்துவிடும்.

பேட்ஜ், அதாவது போக்குவரத்து வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி, அந்த விஷயத்துக்கு வருகிறேன். இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்குக் கீழே உள்ள போக்குவரத்து வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ரம்பா தேவி வழக்கில் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் மொத்த எடை என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். மினி லோடு வண்டிகள் எல்லாம் இந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கும். லைசென்ஸ் விபத்து நாளில் காலாவதியாகாமல் இருந்தால் போதும்.

இன்சூரன்ஸ்காரர் கையெழுத்துக் கேட்கும் அந்த ஃபாரம் அநேகமாக வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் படிவம். அதில் "விபத்து நடந்த விதம்" என்று நாலு வரி இடம் இருக்கும், கீழே ஓட்டுநர் கையெழுத்து. வண்டிக்குப் பணம் வருவதற்காக "கவனிக்காமல் நின்ற லாரி மேல் மோதிவிட்டேன்" என்று யாரோ எழுதி வைத்திருப்பார்கள், இவர் படிக்காமல் போட்டுக் கொடுத்துவிடுவார். படித்துப் பார்த்து, நடந்தது அப்படியே, லாரியில் விளக்கு இல்லை என்பதும் சேர்த்து எழுதியிருந்தால் கையெழுத்துப் போடட்டும், ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். முழு பாலிசி இருந்தால் அந்தக் க்ளெய்மில் ரிப்பேர் செலவு முதலாளிக்கு வந்துவிடும். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்ற ஓட்டுநர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொந்த வண்டியைத் தானே ஓட்டி, தன் தவறால் அடிபட்டவருக்கு இந்த இரண்டு வழியும் கிடையாது. அவருக்கு இருப்பது பாலிசியோடு கட்டாயமாக எடுக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டும்தான். மரணம், இரண்டு கை அல்லது கால் இழப்பு, நிரந்தர முழு ஊனம் என்றால் முழுத் தொகை, ஒரு கை அல்லது கால் அல்லது ஒரு கண் பார்வை போனால் பாதி. வெறும் எலும்பு முறிவுக்கு அதில் ஒரு பைசா வராது, அதனால் மருத்துவக் காப்பீடு தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் பைக்கை இரவல் வாங்கி ஓட்டி விழுந்தவரும் அந்த நேரத்துக்கு உரிமையாளர் இடத்தில்தான் நிற்கிறார் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு, நண்பரின் இன்சூரன்சிடம் இழப்பீட்டு வழக்கு நிற்காது. எதிர்வண்டி மேல் தவறு இருந்தால் மட்டும் அந்த வண்டியின் இன்சூரன்சிடம் யாரும் கேட்கலாம். மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், அரசுத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

உங்கள் கணவர் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். விபத்து ஊனத்துக்கு அங்கேயும் உதவித்தொகை உண்டு, அது இந்த வழக்கைப் பாதிக்காது.

கடைசியாக, வழக்கறிஞர். ஆஸ்பத்திரி வார்டிலேயே வந்து, "செலவு எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், வர்றதுல இத்தனை சதவீதம்" என்று பேசுகிறவர்களிடம் ஆவணங்களைக் கொடுத்துவிடாதீர்கள். வரும் இழப்பீட்டில் பங்கு பேசி வழக்கு நடத்த இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் அனுமதிப்பதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொழிலாளிக்கும், மாற்றுத்திறனாளிக்கும், வருமானம் குறைந்தவருக்கும் அவர்கள் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள், அபராதம் கட்டச் சொல்லும் அந்தக் குற்ற வழக்குக்கும் சேர்த்தே. அங்கே போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, லைசென்ஸ், ஆர்.சி., பாலிசி நகல், வங்கி ஸ்டேட்மென்ட், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். மருந்துக் கடை பில்களை இன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் அழிந்துவிடும்.